பட்டியலில் விடுபட்டவர்கள்: பைதன் மொழியில் ஒரு வரிப் பாடம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் என்னை அழைத்தபோது ஒரு நிபந்தனை வைத்தார். "பிள்ளைகளுக்குப் பிரயோசனமான கம்பியூட்டர் விசயமாக இருக்கணும், ஆனா எங்களைப் போல ஆக்களுக்கும் விளங்கணும்" என்றார். உயர்தர வகுப்புக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவள் நான். இந்த இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். கடைசியில், பைதன் என்ற கணினி மொழியில் வரும் ஒரேயொரு வரியைப் பற்றிக் கதைப்பது என்று முடிவு செய்தேன். அந்த வரியை நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன் என்றுதான் சான்றிதழில் இருக்கிறது. உண்மையில் அதை நான் படித்தது 2004 டிசம்பரில், ஒரு சி.ஆர். கொப்பியில்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இந்த மண்டபத்தில் யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. நாட்டில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் நம்முடையது. 10,000 பேருக்கும் மேல். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது என்று கரையோர ஊர் ஒவ்வொன்றிலும் கடலோரத் தெருக்களே இல்லாமற் போயின. அப்போது நான் உயர்தர மாணவி. எங்கள் குடும்பமும் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒரு கொப்பியும் பேனையும் அடிமட்டமும் தந்து, முகாமில் உள்ளவர்களின் விபரம் எழுதச் சொன்னார்கள்.

எழுதினேன். எழுதி முடிக்க முன்னரே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பால்மா கொண்டு வந்தவர், "ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் யார் யார்?" என்று கேட்டார். மருத்துவ முகாம் போட வந்தவர்கள், "60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பெயர் வேண்டும்" என்றார்கள். பொழுதுபட இன்னொருவர் வந்து கர்ப்பிணித் தாய்மாரைக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் பெரிய பட்டியலை முதல் வரியிலிருந்து விரலால் தொட்டுக்கொண்டு வருவேன். பொருந்தினால் பெயரை வேறு தாளில் எழுதுவேன். பொருந்தாவிட்டால் விரல் அடுத்த வரிக்குப் போய்விடும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை இதே வேலை.

சில வருடங்களுக்குப் பிறகு விரிவுரை மண்டபத்தில் பைதன் மொழியில் இப்படி ஒரு வரியைக் கண்டேன். கணினியில் ஆங்கிலச் சொற்களால் எழுதுவதை மலருக்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

[நபர்.பெயர் ஃபோர் நபர் இன் முகாம் இஃப் நபர்.வயது > 60]

என் விரல் செய்த வேலை அச்சொட்டாக அதற்குள் இருந்தது. இதற்கு லிஸ்ட் கொம்ப்ரிஹென்ஷன் என்று பெயர். என் வகுப்பில் நான் 'பட்டியல் வாக்கியம்' என்று சொல்வேன். இருக்கிற பட்டியலிலிருந்து வேண்டிய பட்டியலை ஒரே வாக்கியத்தில் எடுக்கும் வழி அது.

பிள்ளைகளே, இதையே நீங்கள் முதலில் படிக்கும் முறையில் எழுதினால் நான்கு வரி வரும்:

முதியோர் = []
ஃபோர் நபர் இன் முகாம்:
    இஃப் நபர்.வயது > 60:
        முதியோர்.அப்பெண்ட்(நபர்.பெயர்)

வெறும் தாளை எடு, முகாமில் ஒவ்வொருவராகப் பார், வயது 60 இலும் கூடவா என்று கேள், ஆம் என்றால் பெயரைத் தாளில் சேர். இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். நான்கு வரி எப்படிச் செய்வது என்று சொல்கிறது. ஒரு வரி என்ன வேண்டும் என்று சொல்கிறது.

வகுப்பில் பிள்ளைகள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். அவர்களுடைய கெட்டித்தனத்தில் குறை இல்லை. நம் மொழியின் ஒழுங்கு வேறு. தமிழில் நாம், "முகாமில் உள்ளவர்களில், அறுபதைத் தாண்டியவர்களின், பெயர்" என்று சொல்கிறோம். எங்கிருந்து என்பது முதலில், யார் என்பது இரண்டாவது, என்ன வேண்டும் என்பது கடைசியில். பைதன் வரியோ கடைசியில் வரவேண்டியதை முதலில் கொண்டுவந்து வைக்கிறது. ஆகவே என் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: இடது ஓரத்திலிருந்து வாசிக்க வேண்டாம். 'ஃபோர்' என்ற சொல்லில் விரலை வையுங்கள். அங்கிருந்து வலது பக்கம் கடைசி வரை வாசியுங்கள். பிறகு திரும்பி வந்து முதற்பகுதியை வாசியுங்கள். அப்படி வாசித்தால் அது தமிழ் வாக்கியமாகிவிடும். எழுதும்போதும் சதுர அடைப்புக்குறியைப் போட்டு, நடுப்பகுதியை முதலில் எழுதி, நிபந்தனையைச் சேர்த்து, கடைசியில் தலைப்பகுதியை நிரப்புங்கள்.

இங்கே இருக்கும் கணித ஆசிரியைகளுக்கு இது பழைய விசயம். சாதாரண தரத்தில் தொடைகள் படிப்பிக்கும்போது, '10 இலும் குறைந்த இரட்டை எண்கள்' என்பதை நெளி அடைப்புக்குறிக்குள் ஒரு நிபந்தனையாக எழுதுவோம் அல்லவா? அதன் பிள்ளைதான் இது. கணிதத்திலிருந்து ஹஸ்கல் போன்ற மொழிகளுக்குப் போய், அங்கிருந்து பைதனுக்கு வந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த கிடோ வான் ரொஸ்ஸம் 1991 இல் பைதனை வெளியிட்டார். அதன் 2.0 பதிப்பு 2000 ஒக்டோபரில் வந்தபோது இந்த வாக்கியமும் சேர்ந்தது. நான் கொப்பியில் விரல் வைத்துத் தேடிய நாட்களில் அது பிறந்து நான்கு வருடமாகியிருந்தது.

அதே நாட்களில் கொழும்பில் வேறு சிலர் இதே வேலையைக் கணினியில் செய்துகொண்டிருந்தார்கள். நம் நாட்டு மென்பொருள் வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடி, காணாமற் போனவர்கள், முகாம்கள், உதவி அமைப்புகள், தேவைகள் என்று பதிவதற்கு ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதற்கு வைத்த பெயர் 'சஹன'. நிவாரணம் என்று பொருள்படும் சிங்களச் சொல் அது. யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து விட்டார்கள். 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதை கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. பிற்காலத்தில் 'சஹன ஈடன்' என்ற பெயரில் அதைப் பைதன் மொழியில் புதிதாக எழுதினார்கள். 2010 இல் ஹெயிட்டி நாட்டைப் பூமியதிர்ச்சி உலுக்கியபோது அது அங்கே உதவியது. நம் கரையில் பட்ட அடியிலிருந்து பிறந்த ஒரு பட்டியல் உலகத்தின் மறுகரைக்குப் போனது. பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த விசயம். இதுவரை சொன்னதைப் பாடப் புத்தகத்தில் வாசிக்கலாம். இதை வாசிக்க முடியாது.

எனக்கு ஒரு சாச்சி இருந்தார். கணவர் சுனாமிக்குப் பல வருடம் முன்னரே மௌத்தாகிவிட்டார். நம் ஊர் வழக்கப்படி மகளுக்குக் கல்வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கம் இரண்டு அறையுள்ள சின்ன வீட்டில் சாச்சி இருந்தார். பாய் இழைப்பார், நாலு கோழி வளர்ப்பார். தன் வீடு, தன் கதவு, தன் திறப்பு. கடல் இரண்டு வீட்டையும் கொண்டு போனது. உயிர்கள் தப்பின.

முகாமில் எனக்குத் தந்த கொப்பியில் முதல் நிரலின் தலைப்பு 'குடும்பத் தலைவர்'. அடுத்தது 'அங்கத்தவர் தொகை'. நானும் ஒவ்வொரு குடும்பத்திடமும் போய், "மாப்பிள்ளைட பேரென்ன?" என்று கேட்டு எழுதினேன். சாச்சி மகளோடு ஒரே பாயில் இருந்தார். நான் மருமகனின் பெயரை எழுதினேன். பக்கத்தில் 5 என்று போட்டேன். சாச்சி அந்த ஐந்தில் ஒருவர் ஆனார். அவருடைய பெயர் கொப்பியில் எங்கும் இல்லை. என் சொந்தச் சாச்சி, எனக்குக் குர்ஆன் ஓதப் பழக்கியவர், ஓர் இலக்கத்துக்குள் போய்விட்டார். எனக்கு அது தோன்றவேயில்லை.

அந்தக் கொப்பியிலிருந்து இன்னொரு பட்டியல் எடுத்தார்கள். அதிலிருந்து இன்னொன்று. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்ட முடியாது என்று அந்தக் காலத்தில் விதி வந்தது. எங்களுடையது அதற்குள் இருந்தது. ஆகவே வேறிடத்தில் தரும் வீடுதான் ஒரே வழி. பட்டியலில் ஒரு வரிக்கு ஒரு வீடு. மருமகனின் பெயருக்கு ஒரு வீடு கிடைத்தது. சாச்சிக்கு வரி இல்லை, வீடும் இல்லை. மகளுக்கும் ஒன்று நடந்தது: தாய் தன் பெயரில் எழுதித் தந்த வீட்டை இழந்தவள் அவள், புதிய வீட்டின் கடதாசியில் இருந்தது கணவரின் பெயர். இது எங்கள் ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. வீடு பெண்ணுக்கு என்று தலைமுறை தலைமுறையாக இருந்த கரை இது. 'குடும்பத் தலைவர்' என்ற ஒரு நிரல் அதை மாற்றப் பார்த்தது. கிழக்கில் வேலை செய்த பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி வேண்டும் என்று கேட்டன.

மருமகன் நல்ல மனுசன். சாச்சியை மரியாதையாக வைத்துப் பார்த்தார். ஆனால் கடைசிவரை சாச்சி இருந்தது இன்னொருவர் வீட்டின் ஓர் அறையில். ஒரு நோன்புப் பெருநாளன்று போயிருந்தேன். கைச் செலவுக்கு ஏதோ கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சிரித்தபடி கேட்டார்: "அந்தக் கொப்பிக்குள்ள என்ட பேர எங்க மகள் எழுதின நீ?"

விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு இன்றுவரை பதில் இல்லை.

இப்போது அந்த ஒரு வரிக்குத் திரும்பி வாருங்கள். அதன் வாலில் நிற்கும் 'இஃப்' என்ன செய்கிறது? பொருந்தியவரை எடுக்கிறது. பொருந்தாதவரை? ஒன்றும் செய்யாது. பிழை என்று சிவப்பு எழுத்து வராது. எச்சரிக்கை வராது. விடுபட்டவர் சத்தமில்லாமல் விடுபடுவார். கிடைத்த பட்டியல் மட்டும் சுத்தமாக, அழகாகத் திரையில் நிற்கும். அதைப் பார்ப்பவருக்கு வேலை சரியாக முடிந்துவிட்டது என்றே தோன்றும்.

அதனால் என் வகுப்பில் நான்கு விசயங்களைப் பிடிவாதமாகப் படிப்பிக்கிறேன்.

முதலாவது, ஒரு நிபந்தனை எழுதினால் அதன் மறுதலையையும் எழுது. 'இஃப்' என்பதற்குப் பின் 'நொட்' என்ற சொல்லைச் சேர்த்து, விடுபட்டவர்களின் பட்டியலையும் எடுத்து, பெயர் பெயராக வாசி. இரண்டு பட்டியலின் நீளத்தையும் கூட்டிப் பார். ஒரு பிள்ளை '60 இலும் கூட' என்று ஒன்றும் '60 இலும் குறைய' என்று ஒன்றும் எழுதியிருந்தாள். கூட்டினால் இரண்டு பேர் குறைந்தார்கள். சரியாக 60 வயதானவர்கள் இரண்டிலும் இல்லை. கூட்டிப் பார்த்திராவிட்டால் தெரிந்திராது.

இரண்டாவது, வெற்றிடம். பிறந்த திகதி தெரியாத மூத்தம்மாமார் நம் ஊரில் எத்தனை பேர்! வயது நிரப்பப்படாத ஒருவரை 60 உடன் ஒப்பிடச் சொன்னால் பைதன் பிழை என்று நின்றுவிடும். உடனே பிள்ளைகள் செய்வது என்ன? வயது இருப்பவர்களை மட்டும் எடு என்று இன்னொரு நிபந்தனையைச் சேர்ப்பார்கள். நிகழ்ச்சி ஓடும். முதியோர் பட்டியலில் இருந்து முதலில் விழுவது ஆக முதிர்ந்தவர்களாக இருக்கும். பைதன் நின்றபோது அது நம்மிடம் ஒரு கேள்வி கேட்டது. அந்த மூத்தம்மாவிடம் போய் விசாரிப்பதுதான் அதற்குப் பதில்.

மூன்றாவது, 'இஃப்' எங்கே நிற்கிறது என்று பார். வாலில் நின்றால் அது ஆட்களைக் கழிக்கும். தலையில் 'எல்ஸ்' உடன் சேர்ந்து நின்றால் ஒருவரையும் கழிக்காது:

["பால்மா" இஃப் நபர்.வயது < 1 எல்ஸ் "அரிசி" ஃபோர் நபர் இன் முகாம்]

இங்கே முகாமில் 300 பேர் என்றால் விடையிலும் 300 இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று உண்டு. சொற்கள் அதே சொற்கள்தான். இடம் மாறினால் ஆட்களைப் பிரித்துக் கொடுப்பது ஆட்களை விலக்குவதாக மாறிவிடும்.

நான்காவது, குடும்பத்துக்குள் போ. ஒரு பட்டியல் வாக்கியத்தில் இரண்டு 'ஃபோர்' வரலாம்:

[ஆள் ஃபோர் குடும்பம் இன் முகாம் ஃபோர் ஆள் இன் குடும்பம்]

முகாமில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் போய், அதிலுள்ள ஒவ்வொரு ஆளையும் வெளியே கொண்டு வா என்று பொருள். இதற்கு மேல் ஒரே வரியில் அடுக்க வேண்டாம். மூன்று 'ஃபோர்', இரண்டு 'இஃப்' என்று போனால் எழுதியவருக்கே அடுத்த வாரம் விளங்காது. அப்போது பழைய நான்கு வரி முறைதான் நல்லது. சுருக்கமாக எழுதுவது வாசிப்பவருக்காக. நம் கெட்டித்தனத்தைக் காட்டுவதற்காக அல்ல.

இந்த இரண்டு 'ஃபோர்' உள்ள வரியைப் படிப்பிக்கும் ஒவ்வொரு வருடமும் சாச்சியை நினைப்பேன். இந்த வரி அன்று என்னிடம் இருந்திருந்தாலும் அவருடைய பெயர் வந்திருக்காது. ஏனென்றால் நான் 5 என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். ஐந்து பெயரை எழுதவில்லை. எழுதாத பெயரை எந்தக் கணினியாலும் எடுத்துத் தர முடியாது. வரி எழுதுவதற்கு முன்னால் ஒரு நிரலுக்குத் தலைப்பு வைக்கிறோமே, அங்கேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. இன்று உங்களில் பலர் அலுவலகங்களில் இருக்கிறீர்கள். பிரதேச செயலகத்தில், வங்கியில், வைத்தியசாலையில், பாடசாலையில் விண்ணப்பப் படிவம் தயாரிக்கிறவர்கள் நீங்கள். பைதன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் தலைப்பை வைக்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும் மொழி பைதன். அது கொழும்புப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. அதன் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைதன் 3 ஏற்றுக்கொள்ளும். முத்தையா அண்ணாமலை என்பவர் தமிழ்ச் சொற்களாலேயே நிகழ்ச்சி எழுத 'எழில்' என்றொரு மொழியை உருவாக்கினார். அதையும் பைதனைக் கொண்டே கட்டினார். அறிவியலைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று கலைச்சொல் தேடிய விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு நமக்கு அடுத்த ஊர். மொழி தடை என்று இந்தக் கரையில் யாரும் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டை முன்னிட்டு எல்லாப் பழைய மாணவிகளின் விபரத்தையும் கணினியில் ஏற்றும் வேலை நடக்கிறது. என்னிடம் உதவி கேட்டார்கள். சந்தோசமாகச் செய்கிறேன். முதல் கோப்பைத் திறந்து பார்த்தேன். அது பரீட்சை முடிவுப் பட்டியல்களில் இருந்து எடுத்தது. அப்படியென்றால் அதன் வாலில் ஒரு 'இஃப்' இருக்கிறது: பரீட்சை எழுதியவர்கள். எட்டாம் வகுப்போடு கலியாணம் ஆகிப் போனவள்? யுத்தத்தில் இடம்பெயர்ந்து, விடுகைப் பத்திரம் கூட எடுக்காமல் போனவள்? வாப்பா மௌத்தாகி, தம்பிமாரைப் பார்க்க வீட்டோடு நின்று, மருதமுனைத் தறியில் உட்கார்ந்தவள்? டிசம்பரில் விடுமுறைக்குப் போய், ஜனவரியில் திரும்பி வராதவள்? அவர்களும் இந்த மரத்தடியில் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான்.

பழைய சேர்வு இடாப்புகளை இருந்த மட்டும் புரட்டி, அந்த மறுதலைப் பட்டியலையும் எடுக்கலாம் என்று இருக்கிறேன். இடாப்பு எல்லா வருடத்துக்கும் இல்லை. வெள்ளத்திலும் கடலிலும் கறையானிலும் போனவை போக, மிச்சம் உங்கள் நினைவில்தான் இருக்கிறது. ஆகவே இந்த மலரை டோஹாவிலிருந்தோ, லண்டனிலிருந்தோ, அக்கரைப்பற்றிலிருந்தோ வாசிக்கும் ஒவ்வொருவரும், உங்கள் வகுப்பில் இடையில் நின்றுபோன ஒருத்தியின் பெயரையாவது சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். அவளுடைய சொந்தப் பெயரை எழுதுங்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று வேண்டாம்.

அந்தக் கோப்பில் 'குடும்பத் தலைவர்' என்ற நிரல் இருக்காது. அதற்கு நான் பொறுப்பு.